தெற்கே போனால் எரியும் விளக்கு

1

நான் ஜெர்மனிக்கு வந்து இறங்கிய நாளை நானே மறந்துவிடுவேன். என் தம்பி சுரேந்திரன் மறக்கமாட்டான். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து கூப்பிடுவான். "அக்கா, ஒன்ன பிளேன் ஏத்திவிட்டு இன்னியோட இருவத்திரண்டு வருசம் ஆச்சு, கேட்டியா?" என்றது போன வருடம். அப்புறம் இங்கே குளிர் எப்படி, அங்கே மழை எப்படி என்று நாலு வார்த்தை. கடைசியாக என் மகள் அனகாவிடம் போனைக் கொடுக்கச் சொல்வான்.

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன் மாமா."

அத்துடன் போன் என் கைக்குத் திரும்பிவிடும். அவள் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் இடையில் நடந்த பேச்சு முழுவதும் இதுதான்.

இந்த ஆண்டு அவன் கூப்பிடவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினான். அவனுடைய காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் வட்டங்களின் படம். எந்த விளக்கும் எரியவில்லை. கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நான் இருதய வார்டில் வேலை செய்யும் நர்ஸ். தினமும் ஈசிஜி தாள்களைப் பார்க்கிறவள். ஒன்றுமே இல்லாத ஒரு படத்தை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை. போன முறை ஊருக்குப் போனபோது நடந்ததை எழுதிவிடலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

2

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நாங்கள் இருப்பது திரியர் என்ற ஊரில். லக்சம்பர்க் நாட்டின் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. எல்லை என்றால் வேலியும் துப்பாக்கியும் என்று நினைத்துவிடாதீர்கள். பாறசாலைக்குப் பக்கத்தில் நம் அமரவிளை சோதனைச் சாவடிக்கு அந்தக் காலத்தில் இருந்த மிடுக்குகூட அதற்குக் கிடையாது. ஒரு பலகை இருக்கும், ரோட்டின் நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போய் காபித்தூள் வாங்கி, பெட்ரோல் போட்டுத் திரும்புவோம். அனகா பின் சீட்டில் படம் வரைந்துகொண்டே வளர்ந்தது அந்த ரோட்டில்தான்.

வந்த புதிதில் என் நர்சிங் படிப்பை இந்த நாடு ஏற்றுக்கொள்வதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குப் பக்கத்தில் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ராப்பகலாக வார்டு பார்த்தவளை, ஊசி போடத் தெரியுமா என்று மறுபடி பரீட்சை வைத்தார்கள். ஒரு முத்திரை இருந்தால் இன்னொன்று இருக்காது. ஜெர்மன் பேச வாய் பழகுவதற்குள் என் தமிழும் மாறிப்போனது. இங்கே தமிழர்கள் கூடும் இடத்தில் நான் "எனக்க", "ஆக்கும்" என்று பேசினால், "நீங்கள் மலையாளியா?" என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்து, அவற்றையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு அச்சுத் தமிழ் பேசப் பழகினேன். அனகா கேட்டு வளர்ந்தது அந்தத் தமிழைத்தான். அதுவும் சமையலறையிலும் காய்ச்சல் படுக்கையிலும் கேட்டது. பசி, தூக்கம், வலி, தாகம், கண்ணை மூடு, வாயைத் திற. இதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை.

பள்ளி முடித்ததும் அவள் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தாள். இங்கே அது ஒரு படிப்பு. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை, மூன்றரை வருடம். இப்போது வேகக் கார்களின் கோளாறு கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். இதை ஊரில் விளக்க நான் பட்ட பாடு அந்த முத்திரைப் பாட்டைவிடப் பெரிது. "காருக்க டாக்டர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதில் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு சித்தி தன் முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

3

சுரேந்திரன் வளைகுடாவில் வீட்டு டிரைவராக இருந்தவன். பெரிய பணக்காரக் குடும்பம். உலகத்தில் உள்ள நல்ல கார்களையெல்லாம் ஓட்டியிருக்கிறான். கழுவியிருக்கிறான், நிழல் பார்த்து நிறுத்தியிருக்கிறான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வேலை முடிந்ததும் சாவியை அவர்கள் வீட்டு வாசலில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு அறைக்குப் போய்விட வேண்டும். "வண்டி நம்ம கையில, சாவி அவனுக்க ஆணியில" என்று சிரிப்பான். சிரிக்கிற விஷயமில்லை என்று அவனுக்கும் தெரியும்.

ஊர் திரும்பியதும் அமரவிளையில் ஒரு சின்ன ஹார்ட்வேர் கடை போட்டான். கடை நிமிர்ந்ததும் கொச்சியில் யாரோ ஓட்டிய பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினான். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் வலு போகிற வேகக் கார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பான். அந்தச் சாவியை அவன் எந்த ஆணியிலும் மாட்டியதில்லை. வேட்டி மடிப்பில்தான் இருக்கும். தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

போன முறை நானும் அனகாவும் வந்து இறங்கியபோது அந்தச் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

அவன் மனைவி பிந்துதான் சொன்னாள். "வண்டிய விக்கப் போறாவ மைனி. ஞாயிறாச்ச நெய்யாற்றின்கரையிலேர்ந்து ஆளு வரும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு மஞ்ச வெளக்கு எரியுது. டிரைவ்டிரெயின் கேடாக்கும்னு எழுதிக் காட்டுது. எழுதிக் காட்டுனதும் வண்டிக்கு வலுவில்லாம ஆயிடும். திருவனந்தபுரத்துல கொண்டு காட்டியாச்சு. நடுவில உள்ள பெரிய பெட்டி மாத்தணுமாம். அதுக்குக் கேக்குத ரூவாய்க்கு நம்ம கடையத்தான் விக்கணும்."

டிரைவ்டிரெயின் என்றால் எஞ்சினில் பிறக்கிற வலு சக்கரத்தில் போய்ச் சேருகிற வழி முழுவதும். பிந்து சொன்ன பெட்டி அந்த வலுவை நான்கு சக்கரத்துக்கும் பங்கிடுவது. அதில் எங்கே அடைப்பு என்று விளக்கு சொல்லாது. எங்கோ வலிக்கிறது என்று மட்டும் சொல்லும்.

சாப்பிட உட்கார்ந்தபோது சுரேந்திரனுக்கு மீன்குழம்பில்கூட நாட்டமில்லை. பிறகு, கை கழுவும்போது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்: "ஒரு கூத்து கேக்கணுமா அக்கா? இந்த வெளக்கு தெக்க போவும்பம் மட்டும்தான் எரியும். இஞ்சிவிள ஏத்தத்துல பிடிக்கும். களியக்காவிள போயி நிப்பாட்டி எடுத்தா அணைஞ்சுபோவும். திரும்பி வரும்பம் எரியாது. வடக்கோட்டு ஒரு தடவகூட எரிஞ்சதில்ல."

"அங்க என்னமோ உண்டு மைனி" என்றாள் பிந்து. இஞ்சிவிளை வளைவில் முன்பு ஒரு விபத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும். வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது.

அனகா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி புரிந்திருக்கும். "நான் பார்க்கலாமா மாமா?" என்று கேட்டாள்.

"பாரு மக்கா, பாரு" என்றான். ஒரு குழந்தை பொம்மை கேட்டால் கொடுப்பதுபோல ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. வாங்குகிறவர் பத்து மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அனகாவை நான் வேலை செய்யும்போது பார்த்ததே இல்லை. அவளுடைய ஒர்க்‌ஷாப்பில் வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற பெண், முற்றத்தில் இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டாள். அவள் வண்டியைத் தொடவில்லை. முதலில் அதைச் சுற்றி மெல்ல நடந்தாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து டயரின் வெட்டுகளில் விரல் விட்டுப் பார்த்தாள். இந்த மாதிரி வண்டியில் ஒரு டயர் மட்டும் தேய்ந்திருந்தால் போதும், நடுவில் உள்ள பெட்டி திணறிப்போய் இதே விளக்கு எரியுமாம். நான்கும் ஒரே மாதிரி இருந்தன. பிந்து கொடுத்த பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் போனாள். வெளியே வந்து விரலைக் காட்டினாள். எண்ணெய்க் கசிவு இல்லை.

நான் புது நர்ஸுகளுக்குத் தினமும் சொல்கிறது அது. மானிட்டர் கத்தினால் மானிட்டரிடம் ஓடாதே, முதலில் படுக்கையில் கிடக்கிற ஆளைப் பார். தொட்டுப் பார். கேள். இதை நான் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகுதான் அவள் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகினாள். போனில் வரிவரியாக ஏதோ ஓடியது. வண்டி தனக்கு நேர்ந்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறது. விளக்கு எரிந்த ஒவ்வொரு தடவையும் அந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, பெட்ரோல் எவ்வளவு என்று ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு இரும்புக்கு இவ்வளவு நினைவா என்று நான் வாய் பிளந்து நின்றேன். அனகா அதைப் படித்துவிட்டு என் தம்பியைக் கூப்பிட்டுத் தனக்கு முன்னால் உட்காரச் சொன்னாள்.

"மாமா, தெற்கே எதுக்குப் போறீங்க?"

இத்தனை நாளும் எத்தனையோ பேர் எப்போது எரிகிறது, எங்கே எரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

"எதுக்கா? பின்னே, பெட்ரோல் அடிக்கத்தான்."

"இங்க பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு மக்கா. இஞ்ச வெல கூடுதலாக்கும். தமிழ்நாட்டுல கொறவு. பாறசாலையில உள்ளவன் ஆரும் இஞ்ச நெறய அடிக்கமாட்டான். களியக்காவிள எத்துகதுக்கு மட்டும் காணும்னா போதும், அங்க போயி நெறச்சுக்கிடுவோம்."

"முள்ளு கீழ தட்டுனா ஞாயிறாச்ச வந்தாச்சுன்னு அர்த்தம்" என்று பிந்துவும் சேர்ந்துகொண்டாள். அது எங்கள் ஊரில் வெட்கப்படுகிற விஷயமில்லை. கெட்டிக்காரத்தனம்.

அனகா திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "அம்மா. சனிக்கிழமை."

எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் முற்றத்தில் நின்றபடியே சிரிக்கத் தொடங்கினேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. லக்சம்பர்க்கில் பெட்ரோல் விலை குறைவு. எனக்குத் தெரிந்த யாரும் திரியரில் முழுசாகப் போடுவதில்லை, நான் சுத்தமாகப் போடுவதில்லை. முள் கீழே தட்டும் வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி நிரப்புவேன். பின் சீட்டில் படம் வரைந்த குழந்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. நான் பாறசாலையை அங்கே கொண்டுபோனது எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எக்கா, எதுக்குச் சிரிக்க? கிறுக்கு பிடிச்சாச்சா?" என்று தம்பி கேட்டான்.

5

அனகா விளக்கம் சொல்ல முயலவில்லை. அவளிடம் அதற்கான தமிழ் இல்லை. "வாங்க மாமா, வடக்கே போகலாம்" என்றாள்.

"வடக்கோட்டு எரியாது மக்கா."

"எரியும்."

வண்டியில் பெட்ரோல் அநேகமாக இல்லை. விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு என்று அவன் போடவில்லை. அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார, நானும் பிந்துவும் பின்னால். காரோடு என்ற இடத்தில் பைபாஸ் ஏறி நெய்யாற்றின்கரைப் பக்கமாகத் திரும்பினோம். ஞாயிறு காலை என்பதால் ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு நீண்ட ஏற்றம் வந்தது.

"இப்போ நல்லா மிதிங்க மாமா."

அவன் மிதித்தான். முதுகு சீட்டில் போய் ஒட்டியது. எஞ்சின் உறுமியது, ஏறியது, அனகா கையை உயர்த்தி, "இப்போ" என்றாள்.

வண்டி இருமியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

பிந்து "எனக்க அம்மே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுரேந்திரன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். விளக்கைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடி விளக்கைப் பார்த்தான்.

"மக்கா... இது வடக்காக்குமே."

"மாமா, வண்டிக்குத் தெற்கு வடக்கு தெரியாது" என்றாள் அனகா. அடுத்த சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் தேடினாள். "வண்டிக்கு நோய் இல்லை. பசிக்குது."

மீதியை அவள் ஜெர்மனில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி ஒரே வயிறு இல்லை. நடுவில் சக்கரத்துக்கு வலு கொண்டுபோகிற தண்டு ஓடுவதால், தொட்டி கழுதைப் பொதி மாதிரி இரண்டு பக்கமும் தொங்குகிறது. அடியில் கொஞ்சம்தான் இருக்கும்போது ஏற்றத்தில் மிதித்தால் அந்தக் கொஞ்சமும் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றைக் குடிக்கும். எஞ்சின் இருமும். தனக்குச் சேதம் வந்துவிடக் கூடாதென்று வண்டி கண்ணிமைக்கும் முன்னால் வலுவைக் குறைத்துவிட்டு, அதற்குத் தெரிந்த ஒரே விளக்கை எரிக்கும். தெற்கே போகிறபோது தொட்டி எப்போதும் காலி. திரும்பும்போது எப்போதும் நிறைவு. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகும்போதும் முதலில் களியக்காவிளை போய் நிரப்பிக்கொண்டுதான் போயிருக்கிறான். ஒர்க்‌ஷாப்பில் வண்டி எந்தக் குறையும் காட்டாமல் நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறது. அவர்களும் திரையில் வந்த எழுத்தை வைத்துப் பெட்டியைச் சந்தேகித்திருக்கிறார்கள்.

"அப்பம் நடுப்பெட்டி?" என்று சுரேந்திரன் கேட்டான்.

"நல்லா இருக்கு." அனகா பின்னால் வந்து எங்களை இறங்கச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் காதை வைத்துப் படுத்து, அடியில் ஓடும் பம்பின் சத்தத்தைக் கேட்டாள். நான் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு ஆட்களைப் பேசவிடாமல் கையைக் காட்டுவேன். அவளும் அப்படியே காட்டினாள். எழுந்து, "பம்புக்குக் களைப்பு. ஆனா பிழைக்கும். இனி பட்டினி போடக் கூடாது" என்றாள்.

அங்கே, பைபாஸ் ஓரத்தில், லாரிகள் போகிற காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு, நான் பெற்ற பிள்ளையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். எனக்கு அது பெருமை என்றுகூடத் தோன்றவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. கோயிலில் நடை திறந்ததும் வருமே, அந்தப் பயம்.

6

பைய உருட்டிக்கொண்டு அமரவிளைப் பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்கு வந்து சேர்ந்தோம். கேரளத்துப் பங்கு. பெட்ரோல் போடுகிற பெண் சுரேந்திரனைத் தெரிந்தவள்.

"எத்தறைக்கு அண்ணா?"

"ஃபுல்."

அவள் காது கேட்காதவள்போல நின்றாள். "ஃபுல்லோ?"

"ஆமா மோளே. வக்குல முட்டுகது வர அடி."

பிந்து கண்ணை மூடிக்கொண்டாள். மீட்டர் ஓடி முடியும்வரை திறக்கவில்லை. பிறகு அந்த நிறைந்த வயிற்றுடன் தெற்கே திரும்பினோம். பாறசாலை தாண்டி, இஞ்சிவிளை ஏற்றம். சுரேந்திரன் அனகாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். மிதித்தான்.

அந்த வண்டி போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏற்றம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. விளக்கு எரியவில்லை. வளைவு வந்தது, போனது, எரியவில்லை. களியக்காவிளையில் வழக்கமான பங்கைத் தாண்டும்போது சுரேந்திரன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அவன் அழுதுகொண்டிருந்தான். டிரைவராக இருந்தவன் என்பதால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதான்.

வீட்டுக்கு வந்தபோது நெய்யாற்றின்கரைக்காரர் முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். "வெளக்கு எரியுது எண்ணு சொன்னீங்களே, காணட்டா?" என்று குனிந்தார்.

"வெளக்கு அணைஞ்சாச்சு. வண்டி விக்குகதுக்கு இல்ல" என்றான் சுரேந்திரன்.

"பெட்டி மாத்தியாச்சா?"

"இல்ல. சோறு போட்டாச்சு."

அவர் எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிந்து அவருக்குச் சாயா கொண்டுவந்து வைத்தாள். சுரேந்திரன் உள்ளே போகும்போது அந்த ஆணியின் முன்னால் ஒரு கணம் நின்றான். சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனான்.

7

நாங்கள் திரியருக்குத் திரும்பிய பிறகு இந்த ஆண்டு வந்ததுதான் நான் முதலில் சொன்ன படம். அதை அனகாவிடம் காட்டினேன். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் இருந்த ஒரு சின்ன முள்ளைப் பார்த்தாள். நான் விளக்குகளைத்தான் பார்த்திருந்தேன், அதைக் கவனிக்கவில்லை. பெட்ரோல் முள் உச்சியில் நின்றது. உடனே மாமனைக் கூப்பிட்டாள். நான் கொடுக்காமல், அவளாகவே.

"மாமா, வண்டி சாப்பிட்டாச்சா?"

"வயிறு நெறய சாப்பிட்டாச்சு மக்கா. இஞ்ச உள்ள பங்குலயே. ஒனக்க மாமி இப்பமும் கண்ணடச்சுக்கிட்டுதான் இருக்கா." அப்புறம் அவன் பம்பின் சத்தத்தைச் சொன்னான். அவள் கேள்வி கேட்டாள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். போன் என் கைக்கு வரவே இல்லை. நான் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அரிசி குழைந்துபோனது.

"அக்காளுக்க வண்டி எப்பிடி இருக்கு?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. அன்று சனிக்கிழமை. கீழே தெருவில் நிற்கிற என் காரின் முள் எங்கே இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

"அம்மாக்க வண்டி பட்டினியாக்கும் மாமா" என்றாள் அனகா.

நான் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பேச்சை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.